பனியனுக்குள் போன கடைசி அத்தியாயம்

சலவைப் பட்டறையில் அன்று நாள் முழுக்க பிளீச்சிங் பவுடரின் வீரியத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட்ரி படித்ததற்குக் கிடைத்த வேலை. கண் எரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வேகமாக நடந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் பனியன் மடித்துக் கொடுக்கும் கல்கத்தா ஆர்டர் முடிந்துவிட்டது. இனிச் சேந்தனைப் படிக்கலாம்.

சேந்தன், வாரப் பத்திரிகையில் வரும் சரித்திரத் துப்பறியும் தொடர்களின் நாயகன். ஒரு கோட்டையின் காவல் தலைவன். எல்லாக் கதையிலும் அவனுக்குத் துணை அவன் தங்கை நங்கை. இது மூன்றாவது கதை. இளைய ராணிக்கு விஷம் வைத்தது யார் என்று தெரிய வேண்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஆர்டர் அவசரத்தில் படிக்க முடியாத கடைசி அத்தியாயங்களைப் பத்திரிகையிலிருந்து பிரித்து அலமாரியில் வைத்திருந்தேன்.

அலமாரி காலி.

"அம்மா, இங்கிருந்த தாளெல்லாம் எங்கீங்க?"

"அதா கண்ணு? மடிப்புக்குத் தாள் பத்தலை. பழசுன்னு எடுத்து வெச்சுட்டனே."

மடித்த பனியன் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு தாள் வைப்போம்.

"அது சேந்தன் கதைங்கம்மா!"

அம்மா வாயில் கை வைத்தாள். "ஐயோ சாமி! அதுல படம் ஒண்ணுமே இல்லையே, எனக்கெப்படித் தெரியும்! பெட்டியெல்லாம் கியாசுதீன் கிடங்குக்குப் போயிருச்சு. ஓடு கண்ணு!"

வெளி ஆண்களிடம் நான் தலை நிமிர்ந்து பேசியதில்லை. கிடங்கு வாசலில் லாரி நின்றது. தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன்.

ஏஜெண்ட் கியாசுதீன் சிரித்தார். "கட்டின பெட்டியைப் பிரிக்கறதெல்லாம் ஆகாதுங்க அம்மணி. யாருன்னு தெரியோணும், அவ்வளவுதானுங்களே? எங்க ஊட்டுல போன வாரமே படிச்சுட்டாங்க. நங்கைதானுங்க."

"எந்த நங்கை?"

"சேந்தன் தங்கச்சிதானுங்க. வேறெந்த நங்கை?"

கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது.

"பொய்!" என்றேன். லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ராணி குடிச்ச பாலை நங்கைதான் முதல்ல குடிச்சுப் பார்த்தா. எல்லாரும் பார்த்தாங்க. பால்ல விஷம் இருந்தா அவளும் செத்திருக்கணும். கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க!"

"அடேங்கப்பா! அம்மணிக்கு வாய் இருக்குதுங்களா?" அவர் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். "நீங்களே பாருங்க."

பெட்டி பெட்டியாகப் பிரித்து, மடிப்பு மடிப்பாக உருவினோம். ஒருவழியாகக் கடைசித் தாள் கிடைத்தது. நின்றபடியே படித்தேன்.

விஷம் பாலில் இல்லை. ராணி பாலைக் கலக்கிய சந்தனக் குச்சியில் இருந்தது. நங்கை குடித்தது கலக்குவதற்கு முன்பு. குச்சியில் நஞ்சு தடவியவளும் அவளே. சேந்தன் தன் கையாலேயே அவளுக்கு விலங்கு பூட்டினான்.

எழுத்துகள் மங்கின. மறுபடி படித்தேன். அதேதான்.

"எடுத்துக்குங்க, நான் வேற தாள் வெச்சுக்கறேன்." கியாசுதீன் குரல் இறங்கியிருந்தது. "எங்க ஊட்டுலயும் அன்னைக்குச் சோறே திங்கலீங்க."

அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். "கிடைச்சுதா? யாரு கண்ணு?"

"நங்கைங்கம்மா."

அம்மா என்னை முறைத்தாள். "பொய் சொல்லாத. அதை இங்க குடு."

தாளைப் பிடுங்கி, விளக்கடியில் வைத்து, எழுத்துத் தெரியாத கண்களால் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.