திரும்பக் கிடைத்த நிலம்

தவமலரும் வெல்ட்டாவும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வெல்ட்டா லாட்வியா நாட்டுக்காரர். இரண்டாம் உலக யுத்தம் முடிகிற காலத்தில், பதினாறு வயதில் ஜெர்மனிக்கு ஓடி, அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். தவமலர் எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையிலிருந்து கணவர் கணேசலிங்கத்தோடு வந்தாள். லண்டனின் லூயிஷாமில், நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் ஒரே கவுன்சில் கட்டடத்தில் மேலும் கீழுமாக இருவருக்கும் வீடு. இருபது வயது வித்தியாசம் இருந்தும், சோவியத் படை ஒருவரின் ஊரையும் இலங்கைப் படை மற்றவரின் ஊரையும் எடுத்துக்கொண்டது அவர்களை நெருக்கமாக்கியிருந்தது. இருவரும் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், வெல்ட்டாவின் தொலைக்காட்சியில் மொஸ்கோத் தெருக்களில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தவர்களின் டாங்கிகள் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். அந்த வாரத்துக்குள்ளேயே லாட்வியா சோவியத் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது. வெல்ட்டா அழவில்லை. தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு, அதை மறந்துபோய் ஜன்னலோரம் நின்றார்.

பழைய சொந்தக்காரர்களுக்குக் காணிகள் திருப்பிக் கொடுக்கப்படும் என்று அவருடைய தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள். வெல்ட்டாவின் தகப்பனுக்குப் பண்ணை வீடும் மேய்ச்சல் நிலமும் இருந்தன. சோவியத் ஆட்சியில் கூட்டுப்பண்ணை வந்தபோது எல்லாம் அதற்குள் போய்விட்டது. இந்த வயதில் நிலத்தை வாங்கி என்ன செய்வது என்று வெல்ட்டா தயங்கினார். தவமலர் விடவில்லை. தெல்லிப்பளையில் அவளுடைய வீட்டுக்குப் பக்கத்தில்கூட அப்போது யாரும் போக முடியாது. அது படை முகாமின் எல்லைக்குள் போயிருந்தது. கேட்டால் கிடைக்கும் என்று இருக்கும்போது கேட்காமல் விடுவது, நாமே தூக்கிக் கொடுத்த மாதிரி என்று அவள் வெல்ட்டாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கணேசலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

"அந்த வீட்டில இப்ப ஆர் இருக்கினம் எண்டு கேட்டனீரோ?" என்றார்.

"ஆர் இருந்தால் என்ன? வீடு அவவின்ர."

"இருக்கிற சனமும் எங்கயாவது போகவேணுமெல்லோ."



அடுத்த வருடம் வெல்ட்டா போய் வந்தார். நிலம் கிடைத்துவிட்டது. வீட்டில் லிதியா என்ற, கூட்டுப்பண்ணையில் மாடு கறந்த பெண் மகளோடு இருந்தாள். அவளுடைய தாய் தகப்பனைக் கூட்டுப்பண்ணைதான் அங்கே குடிவைத்தது. லிதியா பிறந்ததே அந்த வீட்டில்தான். பண்ணையைக் கலைத்தபோது அவளுடைய பங்காகச் சில மாடுகள் வந்தன. தொழுவமும் புல்வெளியும் வெல்ட்டாவுக்குச் சொந்தம். இருந்துகொள் என்று வெல்ட்டா சொல்லிவிட்டு வந்தார். லிதியா கொடுத்தனுப்பிய பால்கட்டியில் சீரகம் மாதிரி ஒன்று கிடந்தது. தவமலர் அதை ருசித்துச் சாப்பிட்டாள்.

ஆனால் பாலை விற்க இடமில்லாமல் போயிற்று. ஒன்றியம் இருந்த காலத்தில் அந்த ஊர்ப் பால் ஆலையின் வெண்ணெய் ரயிலேறி ரஷ்யாவின் லெனின்கிராட்டுக்குப் போகும். இப்போது நடுவில் எல்லை, வேறு காசு, வாங்க ஆளில்லை. ஆலை முதலில் பாலை எடுத்துக்கொண்டு காசைத் தராமல் இழுத்தது. பிறகு பாலையே வேண்டாம் என்றது. கறந்ததைப் பன்றிக்கு ஊற்றினார்கள். லிதியா மாடுகளை ஒவ்வொன்றாக இறைச்சிக்கு விற்று, கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வெல்ட்டாவுக்கு அங்கேயே போய் இருந்துவிட ஆசை வந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர் சரிவருமா என்று தவமலரைக் கேட்டார். ஐம்பது வருடம் ஊரில்லாமல் இருந்தவருக்குச் சொந்த வீட்டில் தனியாக இருக்க உரிமையில்லையா, அவர்களைப் போகச் சொல்லுங்கள் என்றாள் தவமலர். அதைச் சொல்ல அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

தொண்ணூற்று நான்கு இலையுதிர் காலத்தில் வெல்ட்டா, வீட்டைக் காலி செய்யும்படி லிதியாவுக்கு எழுதிவிட்டு, லண்டனை விட்டுப் போனார். அடுத்த வசந்தத்தில், ஒரே பெட்டியோடு திரும்பி வந்தார். கவுன்சில் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், தேவாலயத்தைச் சேர்ந்த ஒருத்தியின் வீட்டு அறையில் தங்கினார். தவமலர் சோறும் பருப்பும் கொண்டு பார்க்கப் போனாள்.

உழுவதற்கு உழவு இயந்திரம் இல்லை, கூட்டுப்பண்ணையின் இயந்திரங்களை ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் வெல்ட்டா. புல் வெட்ட ஆளில்லை. ஊர்ச்சனம் மரியாதையாகத் தலையசைத்தது. வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. லிதியா மகளோடு தமக்கையின் ஒற்றை அறைக்குப் போனாளாம். அங்கே மாட்டைக் கட்ட இடமில்லாததால், போகிற வழியில் யாருக்கோ விற்றுவிட்டாளாம்.

"நான் போனபோது வீடு கழுவித் துடைத்துக் கிடந்தது," என்றார் வெல்ட்டா. "தொழுவத்தைக்கூடக் கழுவியிருந்தாள். இனி அதை யாரும் அப்படிக் கழுவப் போவதில்லை என்று அப்போதே தெரிந்தது."

தவமலரைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தையும் வரவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும் என்று தவமலர் நினைத்தாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் தங்கை றோஸ்மலரின் நினைப்பு வந்தது. தெல்லிப்பளையிலிருந்து இடம்பெயர்ந்த நாளிலிருந்து றோஸ்மலரும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலேயே கோப்பாயில் யாரோ ஒருவரின் வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டுக்காரர் இங்கே லண்டனில், குரோய்டனில் இருக்கிறார். சிவன் கோயிலில் கண்டால் தவமலர் அவரிடம் சிரித்துப் பேசுவாள். அவர் ஒரு நாள் வீட்டைத் திருப்பிக் கேட்டால் தங்கை எங்கே போவாள் என்று அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான்தான் போகச் சொல்லச் சொன்னனான்."

"அவவும் யோசிச்சுத்தானே செய்தவ."

"இல்லை. நான் சொல்லாட்டில் அவ அவையைப் போகச் சொல்லியிருக்கமாட்டா."

கணேசலிங்கம் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் தவமலரின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து வெல்ட்டா லாட்வியாவுக்குப் பேசினார். அப்படிச் செய்யச் சொன்னது தவமலர். வீட்டை எடுத்துக்கொள், நிலத்தையும் பார்த்துக்கொள், எனக்கு ஒன்றும் தர வேண்டாம் என்று வெல்ட்டா லிதியாவிடம் சொன்னார். லிதியா நன்றி சொன்னாள். மகள் தலைநகர் ரீகாவில் பேக்கரி ஒன்றில் சேர்ந்துவிட்டாள், நான் பள்ளிக்கூடத்தில் கோப்பை கழுவுகிறேன் என்றாள். மாடில்லாமல் அந்த வீட்டில் விடிந்ததும் எழும்பி என்ன செய்வேன் என்று கேட்டாள். வெல்ட்டா அதைத் தவமலருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

நிலம் வெல்ட்டாவின் பெயரிலேயே கிடந்தது. விற்கவும் இல்லை, போகவும் இல்லை. சில வருடம் கழித்து, புல்வெளியில், தரிசில் தானாக முளைக்கும் பிர்ச் மரங்கள் ஆளுயரத்துக்கு வந்துவிட்டதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

அன்றைக்குத்தான் தவமலர் மன்னிப்புக் கேட்டாள். வெல்ட்டா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீ என் நல்லதுக்குத்தான் சொன்னாய் என்றார். அது உண்மை என்று தவமலருக்கும் தெரியும். வெல்ட்டாவின் நல்லதை மட்டுமே பார்த்தோம் என்பதால் அவளுடைய மனம் ஆறவில்லை.