இடது தோள்

என் வீட்டுக்காரரை வேலை பார்க்கிற இடத்தில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயின்டர். ஏணி மேல் நின்று சீலிங்குக்கு ரோலர் ஓட்டும்போதே கீழே நிற்கிறவனுக்குக் கதையும் ஓட்டுவார். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. சாப்பிடும்போது பேச்சு, குளிக்கும்போது பேச்சு, தூக்கத்தில்கூட யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆன நாள் முதல் நான் அவரிடம் அதிகம் சொன்னது "கொஞ்சம் வாயை மூடுங்க" என்பதுதான். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.  இந்தக் காய்ச்சலை எனக்கு முன்பே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் வந்தது. மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள், டைஃபாய்டு என்று ஊசி போட்டார்கள். காய்ச்சல் போவதாகப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. ஆள் வற்றிப் போனார், வயிறு மட்டும் முன்னால் வந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கோடு விழுந்தது. காலா அசார் என்றார்கள். கருங்காய்ச்சல். தோல் கறுத்துப் போவதால் அந்தப் பெயராம்.

"நான் பொறக்கும்போதே கறுப்பு, டாக்டர். இதுக்கு மேல கறுக்க எங்க இடம் இருக்கு?" என்றார் இவர். எழுந்து உட்காரத் தெம்பில்லை, கொழுப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அந்த டாக்டரம்மாதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மணல் ஈ என்று ஒன்று இருக்கிறதாம். கொசுவில் பாதிகூட இருக்காது, காதருகே சத்தமும் போடாது, கொசுவலைக் கண்ணுக்குள் சாவகாசமாக நுழைந்துவிடும். ஈரம் காத்த சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் குடியிருக்கும். நோய் இருக்கிறவரைக் கடித்துவிட்டு அடுத்தவரைக் கடித்தால் அவருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். "தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. பயப்படாம பக்கத்துல இருங்க" என்றார். இவர் ஒரு பால் பண்ணைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய், மாதக்கணக்கில் அந்தக் கொட்டகையிலேயே படுத்திருந்தார். அங்கே கடித்ததோ வீட்டில் கடித்ததோ, யார் கண்டார்கள். ஊரார் சுவருக்கெல்லாம் பட்டி பார்க்கிற மனிதர், தான் தலை வைத்துப் படுக்கிற சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு இருப்பதை மட்டும் கண்டுகொள்ளவே மாட்டார்.

அப்போது மாத்திரைதான் கொடுத்தார்கள். ஒரு வேளை விடாமல் கடைசி வரை முழுங்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். முழுங்கினால் குமட்டல், வாந்தி. காய்ச்சல் விட்டதும் இவர் மாத்திரையையும் விட்டுவிட்டார். மிச்சத்தைப் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்ததை, வீடு ஒதுக்கும்போது நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அந்தக் கண்றாவியை முழுங்கணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேட்கிற கேள்வியைப் பார்.

இப்போது அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. இவருடைய வயிற்றின் இடது பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். மண்ணீரல் பலகை மாதிரி கெட்டியாகத் தொப்புள் வரை இறங்கியிருந்தது.

"அந்தப் பட்டையில பாத்துடுங்க டாக்டர்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"அது இப்ப உதவாதும்மா. ஒரு தடவை வந்தவங்களுக்கு வருஷக்கணக்குல ரெண்டு கோடு காட்டிக்கிட்டேதான் இருக்கும். பழசைக் காட்டுதா, புதுசைக் காட்டுதான்னு சொல்ல முடியாது. பிளட் கேன்சராக்கூட இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. வந்த அன்னிக்கே இடுப்பெலும்புல எடுத்துப் பாத்தோம், ஒண்ணும் சிக்கல. மண்ணீரல்லயே ஊசி விட்டு ஒரு துளி எடுத்தாத்தான் உறுதியாத் தெரியும்."

"உள்ள திருடன் இருக்கானான்னு பாக்க, வீட்டுச் சுவத்துல ஓட்டை போடுவீங்களா?" என்றார் இவர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். எப்பவாவது ஒருத்தருக்கு உள்ள ரத்தம் கசியும். ரத்தம் சரியா உறையுதான்னு சோதிச்சுட்டுத்தான் செய்வோம். ஆனா என்ன நோய்னே தெரியாம காலா அசார் மருந்தைக் கொடுக்க முடியாது. ரொம்பக் கடுமையானது. ஒண்ணும் செய்யாம விட்டா, இவர் உடம்பு தாங்காது."

இவர் வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போகலாம், கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு வந்ததே கோபம். "உங்க பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி. டாக்டர், இவரைக் கேக்காதீங்க, நீங்க எடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று படுத்தார்.

மறுநாள் காலையில் செய்தார்கள். டாக்டரம்மா பேனாவால் வயிற்றின் மேல் மண்ணீரலின் ஓரத்தைக் கோடு போட்டுக்கொண்டார். நான் தையல் கடையில் காஜா எடுக்கிறவள். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி அசைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவர் தோள்களை நானும் சிஸ்டரும் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். "மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. இதற்கா இத்தனை பயம் என்று இருந்தது.

"இனிமேதான் முக்கியம்" என்றார் சிஸ்டர். நரைத்த தலை, ஊரையே மேய்க்கிற குரல். "மல்லாந்து படுத்தபடியே கெடக்கணும். எழுந்திருக்கக் கூடாது, திரும்பக் கூடாது. நான் வந்து வந்து நாடி பாப்பேன். எந்த வலி வந்தாலும் உடனே சொல்லணும், புரியுதா?"

சிஸ்டர் தலை மறைந்ததும் இவர் ஆரம்பித்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். அவருக்குக் கதை. ஒரு வீட்டுக்காரர் பச்சை கேட்டு, பிறகு நீலம் கேட்டு, முடிவில் பழைய வெள்ளையே தேவலை என்று சொன்ன கதை. டிரைவர் சிரிக்க, இவரும் சிரிக்க, வயிறு குலுங்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வாயை மூடிக்கிட்டுப் படுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பேசாம இருந்தா குடியா முழுகிடும்?"

மூடிக்கொண்டார். அப்பாடா என்று நான் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு வண்டி வந்து போனது. கொஞ்ச நேரத்தில் மெதுவாகக் கூப்பிட்டார்.

"இந்தா, தோள் வலிக்குது."

இது தினப்படி பாட்டு. சீலிங் அடிக்கிறவர்களுக்கெல்லாம் தோள்தான் முதலில் போகும். ராத்திரியானால் தைலத்தை எடுத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். என் கை பழக்கத்தில் தானாக வலது தோளுக்குப் போனது.

"அது இல்ல. இந்தப் பக்கம்."

"நாலு நாள் பிரஷைத் தொடல, அதுக்குள்ள இந்தப் பக்கமும் வந்துடுச்சா? கட்டில்ல மல்லாந்து கெடந்தா புடிச்சுக்கத்தான் செய்யும்" என்று திட்டிக்கொண்டே இடது தோளை அமுக்கிவிட்டேன். தோல் சில்லென்று வேர்த்திருந்தது. காய்ச்சல் விடுகிறது என்று எனக்குச் சந்தோஷம்கூட.

அப்போது சிஸ்டர் நாடி பார்க்க வந்தார். "பாருங்க சிஸ்டர், ஊசி போட்டது வயித்துல, இவருக்குத் தோள் வலிக்குதாம். இங்க வந்தும் நான் தோள் புடிச்சுவிடணும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "எந்தத் தோளு?"

"இடது."

அவர் இவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பேப்பர் மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றில் லேசாகக் கை வைத்ததும் இவர் முனகினார். சிஸ்டர் கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்திக்கொண்டே டாக்டரை வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். அந்தக் குரலில் வார்டே அடங்கிவிட்டது.

"வயிறு வலிக்குதுன்னு சொல்லவே இல்லையே சிஸ்டர்" என்றேன். 

"மண்ணீரல்ல ரத்தம் கசிஞ்சா சில பேருக்கு அந்தத் தோள்லதான்மா வலி தெரியும். நகருங்க."

ஸ்கேன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நிற்காவிட்டால் வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுக்க வேண்டும், ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்று மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னாலும் எனக்குக் கேட்டது. இரண்டு கையிலும் ஊசி குத்திப் பாட்டில் மாட்டினார்கள்.  வேண்டாம் என்று சொன்னவரைப் பிடித்துத் தள்ளியது நான். தோள்களை அழுத்திப் பிடித்தது நான். வாயை மூடு என்று சொன்னதும் நான். இந்த மனிதர் செத்தால் நான்தான் சாகடித்தவள். மாத்திரையைப் பெயின்ட் டப்பாவில் போட்ட பாவியை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் சுவரோரமாக நின்றேன்.

என் கொழுந்தன் போட்ட சட்டையோடு ஓடி வந்து ரத்தம் கொடுத்தான். அந்த ரத்தமும் இருப்பில் இருந்த ரத்தமும் மாறி மாறி இறங்கின. இருட்டுகிற நேரத்துக்கு நாடி கொஞ்சம் அடங்கியது. விடிந்ததும் மறுபடி ஸ்கேன் பார்த்து, கசிவு நின்றுவிட்டது, வயிற்றைத் திறக்க வேண்டாம் என்றார்கள். நான் மூச்சு விடுவதற்குள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மண்ணீரல்ல எடுத்த துளியை ஸ்லைடுல வெச்சுப் பாத்தாச்சும்மா. காலா அசாரேதான். கிருமி மண்டிக் கெடக்கு. மருந்து ஃபிரிட்ஜ்ல தயாரா இருக்கு, டிரிப்ல ஏத்தணும். இந்தத் தடவை முழுங்கற மாத்திரை இல்ல, அவர் ஏமாத்த முடியாது."

"அப்ப ஏத்துங்க டாக்டர்."

"ஏத்த முடியல. ரத்தம் அவ்வளவு போனதுல கிட்னி அடிபட்டிருக்கு. நேத்துலேர்ந்து ஒரு சொட்டு சிறுநீர் வரல. இந்த மருந்தும் கிட்னியைத்தான் பதம் பாக்கும். இப்பக் கொடுத்தா மருந்தே ஆளை முடிச்சிடும். கொடுக்காம ரொம்பத் தள்ளவும் முடியாது. சிறுநீர் வரட்டும். வந்தா ஆரம்பிச்சிடலாம்."

"வராட்டி?"

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். 

கட்டிலுக்குக் கீழே கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. இவரிடமிருந்து ஒரு குழாய் அதில் வந்து இறங்கியது. பை காய்ந்து கிடந்தது. நான் தரையில் அதற்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மருந்து பக்கத்து அறையில் இருக்கிறது. நடுவில் இந்த வெறும் பை. வாழ்க்கையில் வேண்டாத தெய்வம் இல்லை என்பார்களே, நான் ஒண்ணுக்கு வர வேண்டிக்கொண்டேன்.

"அண்ணி, ஒரு வாய் டீயாவது குடிங்க" என்றான் கொழுந்தன்.

"உங்கண்ணன் பைக்குள்ள ஊத்தற வரைக்கும் எனக்குள்ள ஒண்ணும் ஊத்தாத. போ."

குழாயை நிமிர்த்திப் பார்த்தேன், எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று. மடங்கவில்லை. சிஸ்டர் வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கவில்லை, ஆனால் நின்று பேசவும் இல்லை. இவர் கண்ணை மூடிக் கிடந்தார். முகம் உப்பியிருந்தது. டிரைவர் அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் முழுக்க அந்தப் பையைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப் போனது.

வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரம். குழாயின் மேல் முனையில் என்னவோ பளபளத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு நூல். நின்றது. அசைந்தது. சறுக்கிக்கொண்டு இறங்கி வந்து பையின் அடியில் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் விடாமல்.

நான் எழுந்த வேகத்தில் கட்டில் ஆடியது. நடைபாதை முனையில் சிஸ்டர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "சிஸ்டர், ஒண்ணுக்கு வந்துடுச்சு! என் வீட்டுக்காரருக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டிரைவர்தான் முதலில் சிரித்தார், பிறகு எல்லாக் கட்டிலும் சிரித்தது. சிஸ்டர் ஓடி வந்து குனிந்து பார்த்து, "டாக்டரைக் கூப்பிடுங்க, மருந்தை வெளிய எடுக்கச் சொல்லுங்க" என்று பின்னால் வந்த நர்ஸிடம் சொன்னார்.

இவருடைய உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"ஏய். மானத்தை வாங்காத."

 தரையில் மண்டிபோட்டு அந்தப் பையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். பை வெதுவெதுப்பாக இருந்தது.