ஒரு வரி தள்ளிப்போன விடைகள்

அட்டை மட்டும்தான் மாறியிருந்தது. போன வருஷம் பச்சை, இந்த வருஷம் சிவப்பு. புதிய பதிப்பு என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கோவிந்தராசு அந்த நுழைவுத் தேர்வுக் கைடை டியூஷன் வாத்தியார் ஜானகிராமனிடம் வாங்கி, மழையில் நனையாதபடி சட்டைக்குள் செருகிக்கொண்டு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தார். ஈரத் தலையோடு நின்று மகளிடம் நீட்டினார்.

சந்திரகலா வாங்கிய உடனே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். விலங்கியல் விடைகள். நாற்பதாம் கேள்வி வரை எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒவ்வொரு விடையும் ஒரு வரி இறங்கி, அடுத்த கேள்விக்கு நேராக உட்கார்ந்திருந்தது. போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

புத்தகத்தைச் சுவரில் விசிறி அடித்தாள். அடுப்பங்கரையிலிருந்து அவள் அம்மா அஞ்சலாட்சி ஓடி வந்தாள்.

போன வருஷம் நடந்தது இதுதான். ப்ளஸ் டூ வரை தமிழில் படித்தவள் சந்திரகலா. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் விலங்கியலில் அவளை யாரும் முந்தியதில்லை என்றாலும் ஆங்கிலக் கேள்வி என்றதும் பயம் வந்துவிட்டது. காந்தி வீதி மாடியில் டியூஷன் நடத்திய ஜானகிராமன், தான் தயாரித்த கைடு ஒன்றே போதும், வேறு எதையும் தொடாதே என்றார். பிள்ளைகள் ராகம் போட்டு விடைகளை ஒப்பித்தார்கள். அவளும் ஒப்பித்தாள். இன்சுலின் சுரப்பது எந்த செல் என்ற கேள்விக்குக் கைடு ஆல்பா என்றது. பீட்டா என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். எழுந்து கேட்டாள். ஸ்கூல் புத்தகம் பழசு, மெடிக்கல் படிப்பு வேறு மாதிரி, கேள்வி கேட்காமல் மனப்பாடம் பண்ணு என்று உட்கார வைத்துவிட்டார். இடது பக்கத்து இதய வால்வைப் பற்றிய கேள்வியிலும் அதே கதை. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

தேர்வில் இன்சுலின் வந்தது. பென்சில் பீட்டாவின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆல்பாவுக்குப் போனது. வால்வும் வந்தது. தனக்குத் தெரிந்ததைத் தள்ளிவிட்டு அவர் சொன்னதை எழுதினாள்.

பட்டியலில் பேர் வரவில்லை. அழுது ஓய்ந்த பிறகுதான் கைடையும் பாடப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தாள். அச்சுக் கோத்தவன் ஒரு வரியை இரண்டு முறை கோத்துவிட்டிருக்கிறான். வாத்தியார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

அதே பக்கம்தான் இப்போது சிவப்பு அட்டைக்குள் இருந்தது.

"நைனா, இது தப்புப் புத்தகம். போன வருஷமே சொன்னனே."

கோவிந்தராசு குனிந்து புத்தகத்தை எடுத்துத் துண்டால் துடைத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மில்லில் எல்லோரும் வாடா போடா என்று கூப்பிடுகிற அவரை ஜானகிராமன் ஒருவர்தான் வாங்க கோவிந்தராசு என்று சொல்லி நாற்காலி போட்டார். அந்த மனிதர் தப்பாக அச்சடிப்பார் என்று அவரால் நினைக்க முடியவில்லை. பெரிய படிப்புப் படித்தவர், ஊரே அவரிடம் பிள்ளைகளை அனுப்புகிறது, நீ ஒருத்திதான் குறை கண்டுபிடிக்கிறாய் என்றார். தோற்றுப் போனவர்கள் சொல்லும் சாக்கு இது என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் சந்திரகலாவை அடுத்த நாள் காந்தி வீதிக்கு நடக்க வைத்தது.

மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புது முகங்கள், எல்லோர் மடியிலும் சிவப்பு அட்டை. அவள் வாசலில் நின்றபடியே பாடப் புத்தகத்தைப் பிரித்து இன்சுலினைப் படித்தாள். வால்வைப் படித்தாள். கைடின் பக்கத்தைச் சொல்லி எல்லோரையும் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். சில பேர் பக்கத்தைப் புரட்டினார்கள். வாத்தியார் முறைத்ததும் மூடிவிட்டார்கள்.

ஜானகிராமன் சத்தம் போடவில்லை. அச்சில் ஒன்றிரண்டு பிசகு எந்தப் புத்தகத்திலும் இருக்கும், புத்தியுள்ளவன் திருத்திப் படித்துக்கொள்வான் என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"உங்க அப்பா கஷ்டப்படறவர். அவருக்காகத்தான் உன்னைச் சேத்துக்கிட்டேன். டாக்டர் படிப்பெல்லாம் எல்லாருக்கும் வராதும்மா."

"நான் கேட்டப்ப, திருத்திப் படிச்சுக்கோன்னு ஏன் சார் சொல்லல?"

ஜானகிராமன் வகுப்பின் பக்கம் திரும்பினார். பையன் ஒருவனைப் பார்த்து அடுத்த கேள்வியை வாசிக்கச் சொன்னார். அவன் வாசித்தான். மற்றவர்கள் ராகம் போட்டு விடை சொன்னார்கள். அது தப்பான விடை. சந்திரகலா படியிறங்கும்போது அந்தச் சத்தம் பின்னாலேயே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். நடைபாதையில் சாக்கை விரித்துப் பழைய புத்தகம் விற்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படிக்கத் தெரியாத அஞ்சலாட்சி, தடியான புத்தகமாகப் பார்த்து எடுத்து எடுத்துக் காட்டினாள். சந்திரகலா தடிமனைப் பார்க்கவில்லை. முன்னுரையைப் பார்க்கவில்லை, யார் எழுதியது என்றுகூடப் பார்க்கவில்லை. நேராக விடைப் பக்கத்துக்குப் போனாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய கேள்விகள் சில அவளிடம் இருந்தன. கணையம், வால்வு, சிறுநீரகம், பூவின் சூல்பை. அவற்றைத் தேடி விடையைச் சரிபார்த்தாள். ஒன்றில் தப்பு இருந்தாலும் புத்தகத்தைச் சாக்கின் மேல் பொத்தென்று போட்டாள்.

கடைக்காரன் அம்மாவாசை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "வாங்கறதா இருந்தா வாங்கு. இங்க உக்காந்து பரீட்சை திருத்தாத."

"தப்பான புத்தகத்த விக்கறவங்களுக்கு யாராவது திருத்தித்தான் ஆவணும்" என்றாள். அவன் என்ன பாவம் செய்தான் என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கிற மனநிலையில் அவள் அன்றைக்கு இல்லை.

கடைசியில் மெல்லிய புத்தகம் ஒன்று தேறியது. டெல்லியில் அச்சானது, முதுகு பிய்ந்தது. விடையோடு, ஏன் அது விடை என்று ஓரிரு வரி எழுதியிருந்தார்கள். அந்த ஓரிரு வரிக்காகத்தான் எடுத்தாள். அதோடு பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடப் புத்தகங்கள், ஒரு டிக்‌ஷனரி. வேறு எதுவும் வேண்டாம் என்றாள்.

வருஷம் முழுக்கக் கோபத்தில்தான் படித்தாள். தமிழ்ப் புத்தகத்தை இடது பக்கமும் ஆங்கிலப் புத்தகத்தை வலது பக்கமும் வைத்து ஒவ்வொரு வரியாக ஒட்டிப் படித்தாள். அச்சில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பவில்லை. அப்பாவோடு பேச்சு குறைந்துபோனது. அவர் அந்தச் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த முறை பட்டியலில் பேர் இருந்தது. கோவிந்தராசு தெருவுக்கே சாக்லேட் கொடுத்தார். மறுநாள் மில்லிலிருந்து வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. டியூஷன் மாடிப்படி வாசலில் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள், எங்களிடம் படித்து மருத்துவம் சேர்ந்தவர்கள் என்று எழுதி முதல் பேராக உன் பேரைத்தான் போட்டிருக்கிறார்கள், வாத்தியார் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார் என்றார்.

சந்திரகலா செருப்பைக்கூட மாட்டவில்லை. குருசுக்குப்பத்தில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு டப்பாவில் தாரும் தேய்ந்த பிரஷ்ஷும் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. வெயிலில் நடந்து காந்தி வீதிக்குப் போய், மாடிக்குக் கீழே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். வகுப்பு விட்டு வந்த பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஜானகிராமன் இறங்கி வந்து, உன்னைப் பெருமைப்படுத்தத்தானே போட்டேன், இறங்கு, அசிங்கமாக இருக்கிறது என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"என் பேரப் பாத்து நாளைக்கு ஒருத்தி உங்க புத்தகத்த வாங்குவா சார். அவளும் ஆல்பான்னு எழுதிட்டு வருவா."

முதல் வரி முழுக்கத் தாரை இழுத்தாள். தார் வழிந்து கீழே இருந்த பேர்களின் மேலும் இறங்கியது. அவர்கள் யார், என்ன படித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. துடைக்கவும் இல்லை.

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. படித்த திமிர் என்றார்கள் தெருவில். கோவிந்தராசு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"வாத்தியார் மூஞ்சில கரி பூசிட்டு வந்திருக்க" என்றார்.

"என் பேர் மேலதான் பூசனேன். அது என்னுது."

அஞ்சலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவனிடம், அந்தப் புத்தகம் தப்பா சரியா என்று ஒரு நாளாவது யாரிடமாவது காட்டிக் கேட்டாயா என்றாள். அவள் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கல்லூரி திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது, மில்லில் அவரோடு வேலை பார்க்கும் தேவதாஸ் தன் மகள் அன்னக்கிளியோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் அடுத்த வருஷம் எழுதப் போகிறாள். எந்தப் புத்தகம் வாங்கலாம், ஜானகிராமன் சாரிடம் சேர்த்துவிடவா என்று கோவிந்தராசுவிடம் கேட்டார். கோவிந்தராசு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குப் புத்தகத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா. அவளக் கேளு."

அவ்வளவுதான் சொன்னார். தப்பு என்று சொல்லவில்லை. மகளின் முகத்தையும் பார்க்கவில்லை. சந்திரகலாவுக்கு அது போதவில்லை. போன வருஷமே இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. அன்னக்கிளி புத்தகம் வாங்கிப் போகவென்று மடித்துக் கொண்டுவந்திருந்த பையைப் பார்த்து, அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம காலையில வா. சந்தைக்குப் போலாம்" என்றாள். "உன் ஸ்கூல் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா."