பன்னிரண்டு மாடி

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்துத் தோற்றுப்போன மகள், கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழாக வெட்டினாள். தையல்காரி அவள். போன மாதம் அவளே தைத்துக் கொடுத்த சட்டை. போட்டால் அழுக்காகிவிடும் என்று மனுஷன் மடித்தே வைத்திருந்தார்.

உடம்பைத் தாங்கிப் பிடித்திருந்த தோட்டக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அப்பாவோடு அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். நேற்றுக் காலை பன்னிரண்டாவது மாடியில் குழாய் மாற்றும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வேலையாட்களின் லிஃப்ட் பழுது. குடியிருப்பவர்களின் லிஃப்ட் எதிரிலேயே திறந்து நின்றிருக்கிறது. இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். நாலாவது மாடியில் அப்பா உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

"ஏன் மாமா, அதுல ஏத்தியிருக்கலாம்ல?"

"தோணவே இல்லம்மா." அவர் பொத்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னார். "அவனுக்கும் தோணல. செவுத்துல கறை படாம பாத்து வான்னு எனக்குச் சொல்லிக்கிட்டேதான் எறங்கினான்."

அவர்மேல் கோபப்பட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த லிஃப்டில் வேலையாட்கள் ஏறக்கூடாது என்ற அறிவிப்பில் கையெழுத்துப் போட்டிருப்பவர் குடியிருப்போர் சங்கத் தலைவி. பத்து மணிக்கு அந்த அம்மாள் வருவதாகத் தகவல். வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்காமல் விடுவதில்லை. 'எங்கப்பா ஏறியிருந்தா உங்க லிஃப்ட் தேஞ்சா போயிருக்கும்?' வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நறுக்கென்றுதான் இருந்தது.

அம்மாள் வந்தார். கார் நுழையாத சந்தில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே என் கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. ஏம்மா யாரும் சொல்லல?"

மகள் எழுந்தாள். தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு தடவை சொல்லிப் பார்த்த கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். கையால் துடைத்தாள். போதவில்லை என்று பட்டதோ என்னவோ, துணி எடுத்து இன்னொரு தடவை துடைத்தாள்.

"உக்காருங்கம்மா. அழாதீங்க, ஒடம்புக்கு ஆகாது."

அம்மாள் உட்கார்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க, நசுங்காத டம்ளர் ஒன்றைத் தேடி மகள் சமையலறைக்குப் போனாள்.