கிளைக்குக் கால் பங்கு

ஜெபராஜ் கட்சியின் மாவட்டப் பொருளாளர். அவன் மனைவி கிருபாராணி கெலமங்கலம் கிளைச் செயலாளர். ஓர் உறுப்பினரின் வருஷச் சந்தா நூறு ரூபாய். அதில் ஐம்பது மாநிலத்துக்கும் டில்லிக்கும், இருபத்தைந்து மாவட்டத்துக்கு, மிச்சம் கால் பங்கு கிளைக்கு. மாதக் கடைசிக்குள் மேலே போய்ச் சேராவிட்டால் உறுப்பினர் பெயர் பதிவாகாது. எல்லாக் கிளைகளும் கட்டிவிட்டன, கெலமங்கலம் தவிர. அங்கே அறுபது பேர், ஆறாயிரம் ரூபாய்.

"வசூல் முடிஞ்சுதா?" என்று ரெண்டு தடவை கேட்டான். "முடிஞ்சுது, அப்பறம் சொல்றேன்" என்றாள். மூன்றாவது தடவை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கெம்பம்மா அவள் கிளை உறுப்பினர். ஓசூரில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. போன வாரம் மெஷினில் வலது கை சிக்கி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றார்கள் ஆஸ்பத்திரியில். காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பையில் இருந்த சந்தா முழுவதையும் கிருபாராணி கட்டிவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க வேணாம்னு சொல்லணும். சொல்லிட்டு தூங்காம கெடப்பீங்க. எதுக்கு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "என் சம்பளத்துல கட்டிரட்டுமா?" என்றான்.

"பொண்டாட்டி கிளைக்கு பொருளாளரே கட்டுனாருன்னு பேசுவாங்க. நீங்க விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் எழுதுங்க."

மறுநாள் எழுதினான். 'தோழர் கிருபாராணி அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கும்போதே கை ஓடவில்லை. அவள் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"விளக்கம் அளிக்கவும்னு எழுதறதுக்கு 'விலக்கம்'னு எழுதிருக்கீங்க. என்னைய கட்சியில இருந்தே விலக்கிட்டீங்களோன்னு பயந்துட்டேன்." திருத்திக் கொடுத்தாள். ஜெபராஜ் சிரிக்கப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது.

மாவட்டக்குழு ஓசூரில் கூடியது. மாவட்டச் செயலாளர் வெங்கடப்பன் கெலவரப்பள்ளியில் தக்காளி போடுகிற விவசாயி, அதிகம் பேசாதவர். நோட்டீஸைப் படித்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

கிருபாராணி எழுந்தாள். "தப்புதான் தோழர். மேல போக வேண்டியதத் தொட்டிருக்கக் கூடாது. ஆனா கெம்பம்மாவும் அந்த அறுபதுல ஒருத்திதான்."

எல்லோரும் ஜெபராஜைப் பார்த்தார்கள். அவன் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கண்டிக்கணும்னு நான்தான் முன்மொழியறேன். மாவட்டப் பங்கு ஆயிரத்தைந்நூறையும் நாம விட்டுக்குடுக்கணும்னும் முன்மொழியறேன். டில்லிக்குப் போறதத் தள்ளுபடி பண்ண நமக்கு அதிகாரம் இல்ல. நம்ம பங்குக்கு இருக்கு."

வெங்கடப்பன் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். கிளையின் சொந்தப் பங்கும் போக மிச்சம் மூவாயிரத்தைக் கிளை பத்து நாளில் வசூலித்துக் கட்ட வேண்டும் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபராஜ் ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தினான். "ஏறு, வசூலுக்குப் போலாம்."

"மாவட்டப் பொருளாளர் கிளை வசூலுக்கு வரலாமா?"

"நானும் உன் கிளை உறுப்பினர்தானே. செயலாளர் கூப்ட்டா வந்துதான் ஆகணும்."

"நான் கூப்டலியே."

"கூப்புடு."

"வாங்க தோழர்" என்று பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தைக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். விஷயத்தைச் சொன்னதும் பூக்கடைக்காரர் நூறு கொடுத்தார். சிலர் பத்து, இருபது. நாலு மணிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சேர்ந்திருந்தது. திரும்பும் வழியில் கெம்பம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் வீட்டுக்குப் போனார்கள்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கெம்பம்மா எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய் இடது கையில் இருநூறு ரூபாயோடு வந்தாள்.

"வேணாம் கெம்பம்மா" என்றாள் கிருபாராணி.

"எல்லார் காசும் எனக்குன்னு போச்சு. மேல போறதுல எம்பேரு கடன்ல போகக் கூடாதுக்கா."

ஜெபராஜும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தான். பேரைக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதி, கிழித்து அவள் இடது கையில் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை மூவாயிரமும் மேலே போயிற்று. அறுபது பெயர்களும் பதிவாயின.