கட்டாரிலிருந்து ஒரு விசாரிப்பு

முதல் தட்டு இடியப்பம் அடுப்பில் ஏறிய நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. நீளமான நம்பர், முன்னால் கூட்டல் குறி. அங்கம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

மூன்று நாளாக இந்த அழைப்புக்காகத்தான் போனை இடுப்பிலிருந்து இறக்காமல் திரிந்தாள். மகன் யோகராஜ் கட்டாரில் கார் வாங்க லோன் கேட்டிருந்தான். அவனைச் சூப்பர்வைசராக்கி, பஸ் எட்டிப் பார்க்காத ஒரு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாதம் முடிவதற்குள் கார் இல்லையென்றால் அந்த வேலை அடுத்தவனுக்கு. வெளிநாட்டுக்காரனுக்கு நம்பி லோன் கொடுக்க, சொந்த ஊரில் விசாரிக்க ஓர் ஆளைக் கேட்டது பேங்க். அவன் அம்மாவின் பெயரை எழுதிவிட்டான். "உள்ளத உள்ளபடி சொல்லும்மா, போதும்," என்றிருந்தான். அத்தனை பெரிய பேங்க், ஜிந்துப்பிட்டிச் சந்தில் இடியப்பம் பிழிந்து கடைக்குப் போடும் தன்னிடம் கேட்டுத்தான் ஒரு முடிவுக்கு வரும் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு அதிசயமாகவே இருந்தது.

"வணக்கம்மா. யோகராஜோட அம்மாங்களா?"

ஒரு பெண்ணின் குரல், நல்ல தமிழ். அங்கம்மா தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். அந்தப் பெண் சந்தின் பெயரை வாசித்தாள். வீட்டு இலக்கத்தையும் வாசித்தாள். தபால்காரரே தேடித் திணறும் இலக்கம், கடலுக்கு அப்பால் ஒரு காகிதத்தில் பத்திரமாக இருந்தது. அங்கம்மாவுக்கு மெய்சிலிர்த்தது.

"மகன் என்ன வேலைம்மா செய்றாரு?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு றஞ்சிதம் தண்ணீர் வாளியோடு வாசலுக்கு வந்தாள். நாலடிச் சந்து. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

"என்னத்த வேலைங்க. கெடைச்சத செஞ்சி ஏதோ கஞ்சி குடிக்கிறான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐந்து வருடப் பழக்கம். மகனுக்குச் சம்பளம் கூடிவிட்டதென்று ஒருமுறை குழாயடியில் பெருமை பேசினாள். அடுத்த வாரமே அவன் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். எல்லாம் றஞ்சிதத்தின் கண் என்பது அங்கம்மாவின் தீர்மானம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதே கஞ்சிதான்.

"நிரந்தர வேலை இல்லையாம்மா? சூப்பர்வைசர்னு எழுதியிருக்காரே. நீங்க சொல்றதத்தான் நான் பதியணும்."

அங்கம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இரும்மா, எழுதிறாத," என்றாள். றஞ்சிதம் வாளியை இறக்கி வைத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம் மவன் சூப்பர்வைசர். நிரந்தர வேல. நல்ல சம்பளம். ஆறு வருசமா ஒரு மாசம் தவறாம வீட்டுக்கு அனுப்புறான். கண்ணு பட்ருமேன்னுதான் மாத்திச் சொன்னேன், தாயி."

தன் குரல் சந்தின் கடைசிவரை போவது அவளுக்கே கேட்டது. மகனைப் பற்றி இப்படிச் சொல்லி எத்தனை காலம். பயத்துக்கு நடுவிலும் நெஞ்சு நிறைந்துபோனது.

"எங்கம்மாவும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க," என்றது அந்தக் குரல். சிரித்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தபோது றஞ்சிதம் இல்லை. அதன் பிறகு பத்து நாள் அங்கம்மாவுக்குத் தூக்கம் சரியில்லை.

ஞாயிறு காலை வீடியோவில் யோகராஜ் வந்தான். அவனுக்குப் பின்னால் கார் சீட், ஜன்னலுக்கு வெளியே மணல், மணல், ஒரே மணல். அங்கம்மா வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து போன நாலு வார்த்தை அங்கே காராக நிற்கிறது.

அப்போது றஞ்சிதம் உள்ளே வந்தாள். வலது கை மூடியிருந்தது. அங்கம்மா போனை மடிக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"மறைக்காத. நேரா புடி."

றஞ்சிதம் கையை விரித்தாள். உப்பும் மூன்று செத்தல் மிளகாயும். மறுபடி மூடி, போனைச் சுற்றத் தொடங்கினாள்.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு," என்றவள் ஒரு கணம் நிறுத்தினாள். "எங் கண்ணு."

சிரித்துக்கொண்டிருந்த யோகராஜ் சிரிப்பை நிறுத்தினான். அந்தக் கை தன்னைச் சுற்றி முடியும்வரை, ஸ்டியரிங்கின் மேல் தலையைக் குனிந்து கொடுத்தபடி இருந்தான்.