மூத்தவளின் பங்கு

வெள்ளத்தாயின் வலது கால் பெருவிரல் முதன்முதலில் வீங்கியது 1987 கோடையில். பூச்சிக்கடி என்று வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். சேலை நுனி பட்டாலே உயிர் போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்றார். குடிக்கிற ஆம்பளைக்கு வருகிறதாயிற்றே என்று கம்பவுண்டர் சிரித்தார். ஐம்பது தாண்டிய பெண்களுக்கும் வரும் என்று டாக்டர் அவர் வாயை அடைத்தார்.

அவர் கொடுத்த மாத்திரையை வெள்ளத்தாய் இரண்டு மாதம் விழுங்கினாள். வலி இல்லை, நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு வத்திராயிருப்பில் தம்பி சங்கிலிப்பாண்டி வீட்டில் ஒரு துண்டு ஈரலில் தொடங்கி ஒரு கும்பா குடல் குழம்பில் முடித்தாள். மறுநாள் ராஜபாளையத்தில், தன் வீட்டில், கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. ஒன்பது நாள்.

அவள் வேலை பார்த்தது பேண்டேஜ் துணி கம்பெனியில். நாள் முழுக்க நின்றபடி துணி மடிக்க வேண்டும். இன்னொரு தடவை இப்படி லீவு போட்டால் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்தச் சம்பளம்தான் சோறு.

டாக்டர் இந்த முறை கோபப்பட்டார். "இது வலி மாத்திரை இல்லம்மா. ரத்தத்துல இருக்கிற அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. வலி இல்லாத நாள்லயும் சாப்பிடணும்."

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஈரல், குடல், கருவாடு மூன்றையும் விட்டாள். டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்ன தண்ணீர்தான் சிக்கலாக இருந்தது. கக்கூசுக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று கம்பெனிப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வெள்ளத்தாய் மேசையருகே ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். சூப்பர்வைசர் கேட்டதற்கு, "தண்ணி குடிக்கலைன்னா லீவு போடுவேன். எது வேணும்னு சொல்லுங்க" என்றாள். செம்பு அங்கேயே இருந்தது.

எட்டு மாதம் விரல் வீங்கவில்லை.

ஆடியில் பிளவக்கல் அருகே குலசாமிக்குக் கிடா வெட்டு. அவர்கள் வழக்கப்படி, சுட்ட ஈரல் முதலில் அந்த வீட்டில் பிறந்த மூத்த பெண்ணின் இலையில் விழ வேண்டும். அவள் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். சங்கிலிப்பாண்டி ஈரலைக் கொண்டுவந்து வைத்தான். வெள்ளத்தாய் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"சாமி காரியம்க்கா. ஒரு துண்டுல என்ன வந்துரும்?"

"தீவாளிக்கும் ஒரு துண்டுன்னுதான் சொன்னே. ஒம்பது நாள் என்னைக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனது யாருலே? நீயா?"

ராஜபாளையத்துக்கு வந்து தங்கி, தூக்கியது அவன் மனைவி சந்தனம். பந்தியின் கடைசியில் பருப்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளத்தாய் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ஈரல் இலையை அவள் முன்னால் தள்ளினாள்.

வாழ வந்தவளுக்கு அந்தப் பங்கு கிடையாது என்று சங்கிலிப்பாண்டி கத்தினான். பங்காளிகள் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

"இது எம் பங்கு. எனக்குப் பிடிச்சவளுக்குக் குடுப்பேன். தின்னுட்டி."

சந்தனம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். யாரும் சாப்பிடவில்லை. சித்தப்பா ஐயாதுரைக்குப் பொறுக்கவில்லை. "ஏலே சங்கிலி, சோறு ஆறுது. யாரு தின்னா என்ன, சீக்கிரம் தின்னச் சொல்லு."

சந்தனம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். வரிசை முழுக்கக் கைகள் சோற்றில் இறங்கின.

வெள்ளத்தாய் கத்திரிக்காய்க் கூட்டோடு சாப்பிட்டாள். கிளம்பும்போது தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த வருசம் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றான்.

"வருவேன்லே. எனக்கும் எலை போட்டு வையி. ஈரலுக்கு ஆளு இருக்கு."

பஸ் நிற்கும் இடம் ஒரு மைல். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நடந்தாள்.